கொட்டகலையிலிருந்து அப்புத்தளைக்கு: ஒரே நாளில் இரண்டு பருவம், வழியெல்லாம் பூ

மலைச்சக்கரம் (கொட்டகலை):

போன ஆகஸ்ட் கடைசியில் இலங்கை மலையகத்தில் கொட்டகலையிலிருந்து அப்புத்தளை வரை ஒரே நாளில் சைக்கிளில் போனதைப் பற்றி இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். நானும் என் சித்தப்பா மகனும் அவனோடு படித்த ஒரு தம்பியும் போனோம். தூரம் நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய தூரமில்லை. ஆனால் தலவாக்கலைப் பக்கம் 1,200 மீற்றர் சொச்சத்தில் இருந்து நுவரெலியாவுக்கு 1,868 மீற்றர் வரை ஏறி, ஹக்கலை வழியாக வெலிமடைக்கு இறங்கி, மறுபடி பண்டாரவளைக்கும் அங்கிருந்து 1,431 மீற்றரில் இருக்கும் அப்புத்தளைக்கும் ஏற வேண்டும். கால் பேசும்.

ஏற்றத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் பூக்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். இந்தப் பாதையில் பஸ்ஸில் எவ்வளவோ தடவை போயிருக்கிறேன், ஆனால் மழை எந்த இடத்தில் முடிகிறது, அந்த இடத்தில் பூ எப்படி மாறுகிறது என்பதை சைக்கிளில் போனபோதுதான் கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் பாதையை எல்லோரும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

விடியுமுன் கிளம்பினோம், தூறல். ஆகஸ்டில் எங்கள் பக்கம் தூறல் இல்லாத காலை அபூர்வம். டெவோன் நீர்வீழ்ச்சி 97 மீற்றரும் நிறைந்து விழுந்துகொண்டிருந்தது. சென் கிளயர் நீர்வீழ்ச்சியில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு முன்பு போலத் தண்ணீர் இல்லை, ஆனாலும் மழைக்காலத்தில் பார்க்கலாம். தலவாக்கலையைத் தாண்டி லிந்துலைப் பக்கம் றோட்டுக்காக வெட்டிய மண்சுவர் முழுக்க ஈரம். அந்த ஈரத்தில் காட்டுக் காசித்தும்பை சின்னச் சின்னதாக இளஞ்சிவப்பில் பூத்திருக்கிறது, சுற்றிலும் பன்னம். அதற்குக் கீழே வடிகால் ஓரம் எங்கே பார்த்தாலும் குட்டையாக ஒரு வெள்ளைப் பூச்செடி, கொத்துக் கொத்தாக, மைல் கணக்கில். பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தால் அது வெறும் களை. ஏற்றத்தில் நடக்கிற வேகத்தில் மிதிக்கும்போது அந்தப் பூவில் எத்தனை பட்டாம்பூச்சி உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணலாம், மழை விட்ட ஐந்து நிமிடத்தில் அத்தனையும் வந்துவிடும்.

தேயிலைப் பூவையும் பார்த்தோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலர் அதை நின்று பார்த்ததில்லை, ஏனென்றால் ஒழுங்காகக் கொழுந்து எடுத்து, காலத்தில் கவ்வாத்து வெட்டுகிற மலையில் செடிக்குப் பூக்க நேரமே கிடைக்காது. லிந்துலைக்கு மேலே ஒரு துண்டு மலை கைவிடப்பட்டுக் கிடக்கிறது, செடியெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் மரமாகிவிட்டது. அதில் வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் மகரந்தமுமாகப் பூ, மெல்லிய வாசனை, தேனீ மொய்க்கிறது. பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அந்தக் காட்டுல என்னத்தப் பார்க்குறீங்க பிள்ளைகளா, அட்டை ஏறும்" என்று சத்தம் போட்டார். பூ பார்க்கிறோம் என்றோம். "அது பூத்தா எங்களுக்குக் கொழுந்து இல்ல" என்றார். அந்தப் பூவை இனிமேல் அந்தச் சொல் இல்லாமல் என்னால் பார்க்க முடியாது.

நானுஓயாவிலிருந்து மேலே போனால் துரை பங்களா வேலிகளில் ஹைட்ரேஞ்சியா, எல்லாம் நீலம். தேயிலை புளித்த மண்ணில்தான் நன்றாக வரும், அந்தப் புளிப்பில் மண்ணிலுள்ள அலுமினியம் செடிக்குள் போகும், அதுதான் பூவுக்கு நீலம் கொடுக்கிறது. சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். அப்புறம் நீர் தேங்கிய பள்ளங்களில் வெள்ளைக் கல்லா லில்லி, தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தை.

நுவரெலியாவில் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாயத்தண்ணியும். சரியான குளிர், கை விறைத்துப்போய் பிரேக்கை இழுக்க முடியவில்லை, அதனால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

சீதாஎலிய கோயில் வரைக்கும் மழைக்கோட்டோடுதான் போனோம். ஹக்கலைப் பூங்காவையும் தாண்டி சில வளைவுகள் இறங்கியதும் றோட்டு காய்ந்து கிடக்கிறது. ஈரமே இல்லை. திரும்பிப் பார்த்தால் ஹக்கலைப் பாறைக்கு மேல் மேகம் அப்படியே நிற்கிறது, எங்கள் தலைக்கு மேல் வெயில், முகத்தில் வறண்ட காற்று. தென்மேற்குக் காற்று எங்கள் பக்கச் சரிவில் ஏறும்போதே தண்ணீரை எல்லாம் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அது காய்ந்து சூடேறிய காற்று. இதைத்தான் கச்சான் என்கிறோம். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வரும் அந்தத் தனி மணம் இந்தக் காற்றால் வருவது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் மழைக்கோட்டைக் கழற்றிக் கேரியரில் கட்டியபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு பூக்களும் வேறு. மஞ்சளாகக் காட்டுச் சூரியகாந்தி, நாயுண்ணி, காய்ந்து பழுப்பேறிய மானாப்புல். கெப்பெட்டிபொல பக்கம் படிக்கட்டு வயல்களில் உருளைக்கிழங்கு, சிலது கிண்டிக்கொண்டிருக்கிறார்கள், சிலது இன்னும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து நிற்கிறது. விதைத்த பயிர்தான், காட்டுப் பூவில்லை, ஆனால் அன்று பார்த்ததில் என் கண்ணில் அதிகம் நிற்பது அதுதான்.

ஒரு பூவின் பெயர் தெரிய வேண்டும். ஹக்கலைக்குக் கொஞ்சம் முன்னால் புல் கரையில், முழங்கால் உயரம்கூட இல்லை, ஐந்து இதழ், நீலம் கலந்த ஊதா, நடுவில் மஞ்சள். அதற்குப் பக்கத்திலேயே புதராக இன்னொன்று, அதுவும் ஊதாதான் ஆனால் சிவப்புச் சாயல், இலை சொரசொரப்பு. யாருக்காவது தெரியுமா?

யாழ்_ஓட்டம்:

அக்கா, வாசிக்க வாசிக்க ஆசையாக் கிடக்கு. நாங்கள் இங்கே பருத்தித்துறை வரை போய் வந்தால் ஏற்றம் என்று ஒரு பாலத்தைத்தான் ஏறுவோம். நான் வருகிறதென்றால் என்ன கியர் வேணும்? பின்னுக்கு 28 பல்தான் இருக்கு. குறிஞ்சிப் பூவும் இந்தப் பாதையில் பார்க்கலாமோ?

பேராதனைப்பச்சை:

முதலில் பெயர். புல் கரையில் பார்த்தது அநேகமாக எக்ஸாக்கம் டிரைநேர்வியம், சிங்களத்தில் பினர என்பார்கள். இலங்கைக்கு மட்டுமே உரிய செடி, ஆகஸ்ட் செப்டெம்பரில்தான் நன்றாகப் பூக்கும், எனவே காலமும் பொருந்துகிறது. புதர் போவிட்டியாவாக இருக்கும், ஒஸ்பெக்கியா ஒக்டாண்ட்ரா. அதுவும் நம் நாட்டுக்கே உரியது, ஈரலுக்கு நல்லது என்று அதன் இலையைக் கஞ்சியில் போடுவார்கள். இரண்டையும் பிரித்தறிய இதழை எண்ணினால் போதும். பினரவுக்கு ஐந்து, போவிட்டியாவுக்கு நான்கு இதழும் எட்டு மகரந்தத் தாளும். இரண்டின் இலையிலும் நரம்பு நீளவாக்கில் ஓடும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள், தடவிப் பாருங்கள், போவிட்டியா சொரசொரக்கும், பினர வழுவழுப்பு.

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். நீங்கள் பார்த்து மகிழ்ந்ததில் இந்த இரண்டையும் காசித்தும்பையையும் தவிர மற்றதெல்லாம் வெளியே இருந்து வந்தவை. வடிகால் ஓரத்து வெள்ளைப் பூ மெக்சிக்கோப் பக்கத்தது, காட்டுச் சூரியகாந்தியும் அங்கிருந்துதான். நாயுண்ணி வெப்ப அமெரிக்கா. கல்லா லில்லி தென்னாபிரிக்கா, தொங்கும் ஊமத்தை தென்னமெரிக்கா, ஹைட்ரேஞ்சியா ஜப்பான். அழகு என்று நாம் படம் எடுத்துப் போடுகிற ஒவ்வொரு செடியும் ஏதோ ஒரு நாட்டுச் செடியின் இடத்தில் நிற்கிறது. அம்பேவெல, பட்டிப்பொல பக்கம் போனால் மஞ்சள் பூவோடு முட்புதர் பார்ப்பீர்கள், யூலெக்ஸ். வெள்ளைக்காரன் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஹோர்ட்டன் சமவெளியில் அதைப் பிடுங்கிப் பிடுங்கி ஆட்கள் களைத்துப் போகிறார்கள். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், செடியில் எண்ணெய் இருப்பதால் தீப்பிடித்தால் கொழுந்துவிட்டு எரியும், எரிந்த பிறகும் அடியிலிருந்து துளிர்க்கும்.

சைக்கிள்காரர்களுக்கு இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. டயர் பள்ளங்களிலும் சப்பாத்து அடியிலும் ஒட்டுகிற மண்ணில்தான் விதை ஊர்விட்டு ஊர் போகிறது. ஒரு மலையை முடித்து அடுத்த மலைக்குப் போகுமுன் டயரைக் கழுவுங்கள்.

யாழ் தம்பிக்கு: நம்முடைய நெலுவும் குறிஞ்சி இனம்தான், ஆனால் நீலகிரிக் குறிஞ்சி வேறு வகை. இலங்கையில் இந்த இனத்தில் பல வகைகள் உண்டு, எல்லாம் ஒரே கணக்கில் பூப்பதில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் 12 ஆண்டுக்கு ஒருமுறை காடே பூக்கும் வகைதான் பேர்போனது, 2013 இல் அப்படிப் பூத்தது. பூத்து, விதைத்து, செடி செத்துவிடும். விதை விழுகிற காலத்தில் காட்டுக்கோழிகள் அங்கே கூடிவிடும். அதைப் பார்க்க சைக்கிள் வேண்டாம். அங்கே உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போய்வரும் வட்டப்பாதை ஒன்பது கிலோமீற்றர்தான், நடந்து பாருங்கள்.

மலைச்சக்கரம்:

பெயர்களுக்கு மிகவும் நன்றி. ஐந்து இதழ் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எனவே பினரதான்.

வெளியே இருந்து வந்த செடிகள் என்பது தெரிந்துதான் எழுதினேன், பெயர் சொல்லி எழுதியதும் அதனால்தான். ஆனால் உங்களோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் யூலெக்ஸைப் பிடுங்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை, கூப்பிட்டால் நானும் வருவேன். றோட்டோர வடிகால் கதை வேறு. அந்த இடம் 150 வருஷத்துக்கு மேலாகக் காடாக இல்லை. முதலில் கோப்பி, 1869 இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்த பிறகு தேயிலை. தேயிலையே வெளியே இருந்து வந்த செடிதானே. அந்த வடிகாலில் வெள்ளைப் பூவைப் பிடுங்கினால் அங்கே பினர வந்து முளைக்கப்போவதில்லை, வெறும் மண்தான் கிடக்கும், அடுத்த மழையில் அது றோட்டுக்கு வரும். பட்டாம்பூச்சிக்கு இன்றைக்கு அந்தப் பூதான் கிடைக்கிறது. கெப்பெட்டிபொலவில் ஒரு ஐயா காட்டுச் சூரியகாந்தியை வெட்டிக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போனார், என்னவென்று கேட்டோம், பாத்திக்குப் பசளை என்றார்.

டயர் கழுவுவதை ஏற்றுக்கொள்கிறேன். இதுவரை யோசித்ததே இல்லை.

யாழ் தம்பி, பின்னுக்கு 28 போதாது. முன்னுக்கு 34, பின்னுக்கு 32 பல் இருந்தால் உட்கார்ந்தே ஏறலாம். நானுஓயாவுக்கு மேலேயும் பண்டாரவளைக்கு ஏறும்போதும் அந்த நான்கு பல்லின் அருமை தெரியும். பழைய சைக்கிளில் எங்கள் ஊர்ப் பொடியன்கள் தள்ளிக்கொண்டு ஏறுகிறார்கள்தான், ஆனால் நூறு கிலோமீற்றர் ஓட்டப்போகிறவர் முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

பேராதனைப்பச்சை:

வடிகால் விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. வெறும் மண்ணை விட ஏதோ ஒரு வேர் மேல். ஆனால் வடிகால்தான் அந்தச் செடிக்குப் பாதை. தண்ணீரோடு விதை ஓடையில் இறங்குகிறது, ஓடை காட்டுக்குள் போகிறது, அங்கே ஈரக் கரையில்தான் நம் காசித்தும்பை வகைகள் இருக்கின்றன. அதில் சில வகைகள் இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. எனக்கு இருக்கிற கவலை அந்த ஓடைக்கரையைப் பற்றியதுதான்.

வெலிமடைவாசி:

பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாகக் கதைக்கிறீர்கள். நான் இந்தப் பக்கத்து ஆள், அறுபதைத் தாண்டியவன், ஒரு விஷயம் சேர்க்கிறேன். எங்கள் பக்கத்துப் பத்தனையைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. காய்ந்த மானாப்புல் என்று மகள் ஒரு வரியில் தாண்டிவிட்டார். அந்தப் புல்வெளி தரிசு நிலம் இல்லை. ஆகஸ்டில் பார்த்தால் பழுப்பாகத்தான் இருக்கும், இங்கே மழை ஒக்டோபரில்தான் வரும். அந்த மழைக்குப் பிறகு வாருங்கள். புல்லுக்கு நடுவில் நிலத்தோடு ஒட்டி எத்தனை வகைப் பூ என்று அப்போது தெரியும், சின்னச் சின்ன நில ஓர்க்கிட்டுகூட வரும். நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாட்டை விட்டுவிட்டு அதற்குள்தான் படுத்திருப்போம்.

அப்புறம் பைன் மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள், எழுபதுகளிலும் எண்பதுகளிலும், பத்தனை சும்மாதானே கிடக்கிறது என்று. இப்போது அதற்கு அடியில் போய்ப் பாருங்கள், ஊசி இலை மெத்தையாகக் கிடக்கும், ஒரு பூ இல்லை, ஒரு புல் இல்லை. கச்சான் காலத்தில் தீ வைத்துவிட்டால் மலை முழுக்க எரியும். ஊற்று வற்றியதும் அதனாலேதான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். வெளிச் செடி என்று பேசினால் முதலில் பேச வேண்டியது றோட்டோரப் பூவைப் பற்றியல்ல, அரசாங்கமே வரிசை பிடித்து நட்டதைப் பற்றி.

உருளைக்கிழங்குப் பூவைக் கவனித்ததற்குச் சந்தோஷம் மகளே. பெரும்போகத்தில் நெல், சிறுபோகத்தில் அதே வயலில் கிழங்கு. இந்த முறை எங்கள் வயலும் ஆகஸ்டில் பூவோடுதான் நின்றது, நீங்கள் தாண்டிப் போயிருக்கவும் கூடும்.

மலைச்சக்கரம்:

ஐயா, ஒக்டோபருக்குப் பிறகு கட்டாயம் வருகிறோம். பத்தனையைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். பண்டாரவளைக்கு ஏறும் வழியில் பைன் காட்டுக்குள் நிழலுக்காக உட்கார்ந்தோம், அங்கே ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லாததைக் கவனித்தோம், காரணம் தெரியாமல் இருந்தது.

லிந்துலையான்_டொரொண்டோ:

தங்கச்சி, நீங்கள் கைவிட்ட மலை என்று எழுதிய இடம் எங்கள் தோட்டத்து மேல் கணக்காக, அதாவது மேல் பிரிவாக இருக்கலாம். அங்கேதான் என் அம்மா கொழுந்து எடுத்தார். லயத்துக்குப் பின்னால் இருந்து மேலே ஏறும் படிக்கட்டு, அதன் இரண்டு பக்கமும் முள்முருங்கை, சிவப்பாகப் பூத்தால் இலையே இருக்காது. அந்த மரங்கள் இருக்கின்றனவா? ஆற்றோரம் மஞ்சள் முள்ளுப்பழம் பறித்து உடுப்பெல்லாம் கிழித்துக்கொண்டு போய் அடி வாங்கியிருக்கிறோம், அதுவும் இருக்கிறதா? இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பக்கத்தை யாராவது மெதுவாகப் பார்த்து எழுதினால்தான் எனக்குத் தெரிகிறது, வீடியோ போடுகிறவர்கள் எல்லாம் நீர்வீழ்ச்சியைக் காட்டிவிட்டு ஓடிவிடுகிறார்கள்.

மலைச்சக்கரம்:

அண்ணே, முள்முருங்கை இருக்கிறது. நிழலுக்கு வைத்தது நிறைய வெட்டிவிட்டார்கள், ஆனால் படிக்கட்டோரம், கோயிலோரம் நிற்பதை யாரும் தொடுவதில்லை. ஆகஸ்டில் இலையோடுதான் நிற்கும், வருஷத் தொடக்கத்தில் போனால் சிவப்பாகப் பார்க்கலாம். தைப் பொங்கல் முடிந்த பிறகு அந்தப் பக்கம் போகும்போது உங்களுக்காகவே படம் எடுக்கிறேன். தோட்டத்தின் பெயரைத் தனியே எழுதுங்கள். முள்ளுப்பழம் ஏராளம், பிள்ளைகள் இன்றைக்கும் அதே மாதிரித்தான் பறிக்கிறார்கள்.

ஊவாக்காற்று:

வாசித்துக்கொண்டே வந்தேன், ஒன்று மனதை உறுத்துகிறது. வெளியே இருந்து வந்தது, பிடுங்க வேண்டும், இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பேச்சை நாங்கள் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தபோது எங்கள் தாத்தாமாரைப் பற்றிச் சொன்னதும் இதேதான். தேயிலையோடு கொண்டுவரப்பட்டவர்கள் நாங்கள். அதனால் செடியைப் பற்றி இப்படிப் பேசுவதைக் கேட்டாலே எனக்கு ஒரு மாதிரி ஆகிறது.

மலைச்சக்கரம்:

உங்கள் வலி எனக்கும் இருக்கிறது. என் தாத்தாவின் தம்பி குடும்பம் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு இப்போது கோத்தகிரியில் இருக்கிறது. 2018 இல் நீலகிரியில் குறிஞ்சி பூத்தபோது அவர்கள் படம் அனுப்பினார்கள், அதைப் பார்த்துவிட்டு எங்கள் பாட்டி, இங்கே நெலு பூத்த மலைக்கு அவர்களும் வந்தார்களே என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

ஆனால் அந்தப் பேச்சையும் இதையும் சேர்க்க வேண்டாம் என்றுதான் கேட்பேன். எங்களைச் செடியாக நினைத்தவர்கள்தான் பிடுங்கி நடலாம் என்று நினைத்தார்கள். கடதாசியில் கையெழுத்துப் போட்டு இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்தார்கள். அந்த ஒப்புமையை நாங்களே கையில் எடுக்கக்கூடாது. யூலெக்ஸைப் பிடுங்கினால் அழுவதற்கு யாரும் இல்லை, பிடுங்காவிட்டால் ஹோர்ட்டன் சமவெளியில் சாவது பினரவும் நெலுவும். பேராதனைப்பச்சை பேசுவது இதைப் பற்றி மட்டும்தான்.

பேராதனைப்பச்சை:

ஆமாம், அவ்வளவுதான். ஆனால் ஊவாக்காற்று சொன்னதையும் மனதில் வைத்துக்கொள்கிறேன். அந்நியன், படையெடுப்பு என்றெல்லாம் எங்கள் பாடத்தில் எழுதுகிறோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது எந்தச் செடி எதை நெருக்குகிறது என்று நேராகச் சொன்னால் போதும்.

ஊவாக்காற்று:

சரி. விளக்கியதற்கு நன்றி. பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அப்புத்தளைக்காரி:

அக்கா, நீங்கள் கடைசிக் கட்டத்தை எழுதவே இல்லையே! எங்கள் ஊருக்கு ஆகஸ்டில் சைக்கிளில் ஏறுவதென்றால் காற்றை எப்படிச் சமாளித்தீர்கள்? நான் பாடசாலைக்கு நடந்து போகும்போதே குடை பிய்ந்துவிடும். இன்னொன்று, பெண்பிள்ளையாக இவ்வளவு தூரம் ஓட்டிப் போனதில் வழியில் யாரும் ஏதாவது சொன்னார்களா? எனக்கும் ஓட்ட ஆசை, வீட்டில் விடுகிறார்கள் இல்லை.

மலைச்சக்கரம்:

தங்கச்சி, காற்றுதான் அன்றைக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டம். பண்டாரவளை வரைக்கும் மலை மறைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு தென்மேற்காகத் திரும்பியதும் நேர் எதிர்க்காற்று, ஏற்றமும் சேர்ந்து, தியத்தலாவைக்கு அப்பால் ஒரு கட்டத்தில் மிதித்தும் சைக்கிள் நகராத மாதிரி இருந்தது. மூன்று பேரும் மாறி மாறி முன்னால் போனோம், முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள மற்ற இரண்டு பேர் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது. பெரும்பகுதி தம்பிமார்தான் முன்னால் போனார்கள். ஊருக்குள் நுழையும் இடத்தில் மலை முடிந்து கொஸ்லந்தைப் பக்கத்துப் பள்ளம் திறக்கிறதே, அங்கே காற்று பக்கவாட்டில் அடித்தது, இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். அங்கேயும் கரையில் காட்டுச் சூரியகாந்தி நிற்கிறது, ஒரு பக்கமாகச் சாய்ந்தே வளர்ந்திருக்கிறது, காற்றில்லாத நேரத்திலும் அது நிமிராது போல.

ஆட்களைப் பற்றி: முறைத்துப் பார்த்தவர்கள் உண்டு, சில இடத்தில் ஓட்டோவில் போன பையன்கள் கத்தினார்கள், பதில் சொல்லாமல் போய்விட்டோம். ஆனால் கொழுந்து எடுக்கிற அம்மாமார், கடைக்காரர்கள், பஸ்ஸுக்கு நிற்கிற பாட்டிமார் எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "எங்கம்மா இவ்வளவு தூரம்?" என்று கேட்டு, அப்புத்தளை என்றதும் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் கொடுத்தார்கள். முதலில் பக்கத்து ஊர் வரை, யாராவது கூட, பகலில் போய் வாருங்கள். வீட்டார் மனம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. நீங்கள் ஓட்டத் தொடங்கினால் உங்கள் ஊரிலிருந்து டம்பேத்தன்ன வரைக்குமான தேயிலைப் பாதைதான் பழகுவதற்கு நல்லது, வாகனம் குறைவு.

யாழ்_ஓட்டம்:

நான் 32 பல் வாங்கிவிட்டன். ஒக்டோபர் கடைசியில் நாலு பேர் வருவம், வெலிமடை ஐயா சொன்ன பத்தனைப் பூவைப் பார்க்கிறதுதான் திட்டம். திரும்பி வருகிறதுக்கு என்ன வழி? இறக்கத்தில் எங்களுக்குப் பழக்கமில்லை, அதையும் சொல்லுங்கோ.

வெலிமடைவாசி:

தம்பி, ஒக்டோபர் கடைசி என்றால் முதல் மழை விழுந்திருக்கும், பூவுக்கு நவம்பர் நடுப்பகுதி இன்னும் நல்லது. ஆனால் அந்த மாதங்களில்தான் இங்கே மண்சரிவும். கொஸ்லந்தைப் பக்கத்து மீரியாபெத்தைத் தோட்டம் 2014 இல் மண்ணுக்குள் போனது ஒக்டோபர் 29 ஆம் திகதி. இரண்டு நாள் விடாமல் மழை பெய்திருந்தால் வர வேண்டாம், பூ அடுத்த வருஷமும் பூக்கும். எச்சரிக்கை விடுத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வந்தால் வெலிமடையிலிருந்து பண்டாரவளைக்குப் போகாமல் பொரலந்தை வழியாக அப்புத்தளைக்குப் போங்கள், பஸ் குறைவு, பத்தனையும் அந்தப் பக்கம்தான். சாப்பாடு எங்கள் வீட்டில்.

மலைச்சக்கரம்:

இறக்கத்துக்கு: பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள், ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, விட்டு விட்டுப் பிடியுங்கள், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பஸ்காரர் வளைவிலும் முந்துவார், ஓரத்துக்கு வந்து விட்டுவிடுங்கள். நுவரெலியாவிலிருந்து எங்கள் பக்கம் இறங்குவதாக இருந்தால் ரதல்ல குறுக்குப் பாதை வேண்டாம், அது பழகியவர்களுக்கே பயமான சரிவு, லிந்துலை வழியாகச் சுற்றி வாருங்கள். ஈரப் புல்லில் உட்கார்ந்தால் அட்டை ஏறும், கொஞ்சம் உப்போ சவர்க்காரமோ வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப வர ரயில்தான் நல்லது. நாங்கள் இரவு அப்புத்தளையில் தங்கிவிட்டு மறுநாள் ரயிலில் கொட்டகலைக்கு வந்தோம். சைக்கிளைப் பொதியாகப் பதிய வேண்டும், அதனால் நிலையத்துக்கு நேரத்தோடு போய்விடுங்கள். அந்தப் பாதை இதல்கஸ்ஸின்ன, ஓஹிய தாண்டிப் பட்டிப்பொலக்கு வரும்போது 1,898 மீற்றர் உயரத்தைக் கடக்கிறது, இலங்கையில் ரயில் அதற்கு மேல் ஏறுவதில்லை. வலப்பக்கமா இடப்பக்கமா என்று பார்க்காமல் கதவோரம் நில்லுங்கள், பட்டிப்பொலக்கு அப்பால் பேராதனைப்பச்சை சொன்ன யூலெக்ஸ் கண்ணில் படும்.

பேராதனைப்பச்சை:

பத்தனைக்குப் போகிறவர்கள் பூவைப் பறிக்காமல் படம் மட்டும் எடுத்து இங்கே போடுங்கள், இலையும் தண்டும் தெரிகிற மாதிரி ஒன்று, பூ நேரே தெரிகிற மாதிரி ஒன்று. பெயர் சொல்ல நான் இருக்கிறேன். யாழ் தம்பி, டயர்!

யாழ்_ஓட்டம்:

கழுவித்தான் கொண்டு வருவம். ஐயா, நாலு பேருக்கும் சேர்த்துச் சமைக்கச் சொல்லுங்கோ, ஒரு ஆள் மரக்கறி.